ராணுவத்தில் பல் மருத்துவ உதவியாளர் வேலை: கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: டெக்சாஸில் குடியிருக்கிறோம். மகளுக்கு 19 வயது. பள்ளிப் படிப்பு முடிந்து, ஒரு தனியார் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். கிரீன் கார்டு இருக்கிறது. இப்போது அமெரிக்க ராணுவத்தில் பல் மருத்துவ உதவியாளராகச் சேரப் போகிறேன் என்று நிற்கிறாள். ஆள்சேர்ப்பு அதிகாரி, 'நாலு வருஷத்தில் டென்டல் ஹைஜீனிஸ்ட் ஆகி வெளியே வரலாம்' என்றாராம். டாக்டர் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பதற்கு ராணுவம் எதற்கு என்கிறாள் என் மனைவி. அங்கே உண்மையில் என்ன வேலை? வெளியே வந்தால் அந்த அனுபவம் செல்லுபடியாகுமா?

பதில்: அதிகாரி சொன்னதில் பாதிதான் சரி. வேலை நல்ல வேலை, பயிற்சியும் நல்ல பயிற்சி. ஆனால் ராணுவத்தில் கற்றது தானாகவே ஹைஜீனிஸ்ட், அதாவது பற்காரை எடுத்துப் பல்லைச் சுத்தம் செய்பவர், என்ற உரிமமாக மாறிவிடாது. இடையில் ஒரு கல்லூரிப் படிப்பு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் உங்கள் மகளுக்கு இது நல்ல பாதை. தெரியாமல் சேர்ந்தால் நான்கு ஆண்டு கழித்து ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. ராணுவத்துக்குப் பல் மருத்துவம் எதற்கு என்றால், பல்வலியோடு ஒருவரைப் போர்முனைக்கு அனுப்ப முடியாது என்பதற்காக. ஒவ்வொரு வீரருக்கும் பல் தகுதி வகுப்பு என்று ஒன்று உண்டு. பரிசோதனை முடிந்து, செய்ய வேண்டிய சிகிச்சை எதுவும் இல்லையென்றால் 1. சிகிச்சை பாக்கி இருக்கிறது, ஆனால் அடுத்த 12 மாதத்துக்குள் அவசரமாகிவிடாது என்றால் 2. 12 மாதத்துக்குள் அவசரமாகக்கூடியது என்றால் 3: ஆழமான சொத்தை, பாதியில் நிற்கும் வேர் சிகிச்சை, வீங்கி வீங்கி அடங்கும் கடைவாய்ப்பல் எல்லாம் இதில் வரும். ஆண்டுப் பரிசோதனையே ஆகவில்லை என்றால் 4. முதல் இரண்டு வகுப்பினரைத்தான் எங்கும் அனுப்பலாம். படையில் 95 சதவீதம் பேர் அந்த இரண்டு வகுப்புகளுக்குள் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையின் இலக்கு. யார் எந்த வகுப்பு, யாருக்குத் தேதி தாண்டிவிட்டது, 3-இல் இருப்பவரை எத்தனை வாரத்தில் 2-க்குக் கொண்டுவரலாம் என்ற கணக்கையெல்லாம் அன்றாடம் பார்ப்பவர்கள் உதவியாளர்கள்தான். தனியார் மருத்துவமனையில் நோயாளி வராவிட்டால் வருமானம் குறையும், அவ்வளவுதான். இங்கே ஒரு படைப்பிரிவே புறப்பட முடியாமல் போகலாம்.

இனி அன்றாட வேலைக்கு வருவோம். டாக்டர் பக்கத்தில் உட்கார்வது கண்ணுக்குத் தெரியும் பகுதி. கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி கருவி சுத்திகரிப்பு அறையில் நடக்கிறது. புதிதாக வருபவர்களை முதலில் அங்கேதான் போடுவார்கள், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ரத்தம் காய்வதற்கு முன் கருவியில் நொதி நுரை தெளிக்க வேண்டும். தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அல்ட்ராசோனிக் தொட்டியில் கூடையோடு இறக்கி, மூடி போட வேண்டும். பிறகு கழுவி, உலர்த்தி, பார்த்து, உறையிட்டு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்ற வேண்டும். சாதாரண நீராவி இயந்திரம் என்றால் உறையிட்ட கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். காற்றை முதலில் உறிஞ்சி வெளியேற்றும் வகை என்றால் 132 டிகிரியில் 4 நிமிடம். அதற்குப் பிறகு உலரும் நேரம் தனி.

தவறு பெரும்பாலும் இந்த உலரும் நேரத்தில்தான் நடக்கிறது. அவசரத்தில் ஈர உறையை வெளியே எடுத்துவிடுவார்கள். ஈரத் தாள் வழியாகக் கிருமி உள்ளே ஊறிப் போகும் என்பதால் அந்த உறை சுத்திகரிக்கப்பட்டதாகவே கணக்கில் வராது. இரண்டாவது தவறு அடைத்து ஏற்றுவது. உறைகளைப் படுக்கையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் இருப்பதற்கு நீராவி எட்டாது. நிமிர்த்தி, ஒன்றின் தாள் பக்கம் அடுத்ததன் பிளாஸ்டிக் பக்கத்தைப் பார்க்கும்படி இடைவெளி விட்டு வைக்க வேண்டும். உறையில் உள்ள பட்டை நிறம் மாறினால் வேலை முடிந்தது என்று நினைப்பது மூன்றாவது தவறு. வெப்பம் பட்டது என்பதை மட்டும்தான் நிறம் சொல்லும். கிருமி செத்ததா என்பதைச் சொல்வது ஸ்போர் சோதனை: வெப்பத்தைத் தாங்கும் ஜியோபேசிலஸ் வித்துகளை உள்ளே வைத்து, வாரம் ஒருமுறையாவது பார்ப்பது. அதில் வளர்ச்சி தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, காரணம் தேடி, மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டாம் முறையும் வளர்ந்தால், கடைசியாகச் சரியாக வந்த சோதனைக்குப் பிறகு அதில் ஏறிய எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்து மீண்டும் சுத்திகரிக்க வேண்டும். எந்த உறை எந்தச் சுற்றில் ஏறியது என்று எழுதி வைக்காத இடத்தில் இதைச் செய்யவே முடியாது. ராணுவத்தில் இந்தப் பதிவேட்டை ஆய்வுக்கு வருபவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள்.

நாற்காலிக் குழாய் நீரும் அவர்கள் பொறுப்பு. மெல்லிய குழாய்க்குள் பாசிபோல் நுண்ணுயிர்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். ஒரு மில்லிலிட்டரில் 500 நுண்ணுயிர்க் கூட்டங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. நோயாளிக்கு நோயாளி 20 முதல் 30 விநாடி தண்ணீரைப் பீய்ச்சி விட வேண்டும். ஆனால் அது இரு நோயாளிகளுக்கு இடையே தங்கியதைக் கழுவுமே தவிரப் படலத்தைக் கரைக்காது, அதற்கு மருந்து தனியாகப் போட வேண்டும்.

நாற்காலிப் பக்கத்து வேலையை, மருத்துவரின் இரு கையும் உதவியாளரின் இரு கையும் சேர்வதால், நான்கு கை முறை என்பார்கள். வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் என்றால், நோயாளியின் முகத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு பார்த்தால், உதவியாளர் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடைப்பட்ட இடத்தில் உட்கார்கிறார். அவர் கண் மருத்துவரின் கண்ணைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் பார்க்கக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். உறிஞ்சு குழலை முதலில் வைக்க வேண்டும், அதன் பிறகு மருத்துவரின் கருவிக்கு இடம் தானாக அமையும். மாற்றிச் செய்தால் கன்னத்தையும் நாக்கையும் ஒதுக்க இடமே கிடைக்காது. மெல்லிய எச்சில் குழாயை உதட்டால் மூடிக்கொள்ளச் சொல்லும் பழக்கம் சில மருத்துவமனைகளில் உண்டு. அதைச் செய்யக் கூடாது, முந்தைய நோயாளியின் எச்சில் குழாயிலிருந்து பின்னோக்கி வாய்க்குள் வரக்கூடும்.

பல் நிற அடைப்பு வைக்கும்போது பல்லை உலர்வாக வைத்திருப்பது உதவியாளரின் கையில்தான் இருக்கிறது. பசை பூசிய பிறகு ஒரு துளி எச்சில் பட்டாலும் ஒட்டு பிடிக்காது. அன்று தெரியாது, சில மாதம் கழித்து அடைப்பு கழன்று வரும். கடினப்படுத்தும் விளக்கின் நுனியில் பழைய பசை காய்ந்து ஒட்டியிருந்தால் ஒளி குறைந்து, அடைப்பின் மேல்பகுதி மட்டும் இறுகி அடிப்பகுதி மெத்தென்று நிற்கும். நுனியைத் துடைத்து, ஒளியின் அளவை அவ்வப்போது மானியில் பார்ப்பதும் உதவியாளர்தான்.

பல் எண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் பல் மருத்துவம் பார்த்தவர்களுக்கு, படித்தவர்களுக்கு இது குறிப்பாகத் தேவை. அங்கே கீழ்த்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப்பல் 36. அமெரிக்காவில் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுவதால் அதே பல் 19. பிடுங்குவதற்கு முன் பெயர், பிறந்த தேதி, பல் எண், எக்ஸ்ரே நான்கையும் எல்லோரும் ஒருமுறை நிறுத்திச் சரிபார்ப்பது சடங்குபோலத் தோன்றும். ஆனால் தவறான பல் போனபின் யாரும் அதைச் சடங்கு என்று சொல்வதில்லை.

எக்ஸ்ரே எடுப்பதும் இவர்கள் வேலை. முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் பனோரமிக் படம் ராணுவத்தில் ஒவ்வொருவர் பதிவிலும் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு மட்டுமல்ல, இறந்தவரை அடையாளம் காணவும் அது ஒரு சான்று. அதனால் படத்தைத் தெளிவாக எடுப்பது அங்கே கூடுதல் கனமுள்ள பொறுப்பு. முகவாய் தாழ்ந்திருந்தால் பல்வரிசை அளவுக்கு மீறிச் சிரிப்பதுபோல் வளையும். முகவாய் தூக்கியிருந்தால் வரிசை தட்டையாகி, தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைக்கச் சொல்ல மறந்தால் மேல்பற்களின் வேர்நுனிமேல் கறுப்புப் பட்டை விழும். முன்பற்கள் ஒடுங்கி மங்கலாகத் தெரிந்தால் ஆள் இயந்திரத்துக்குள் அதிகம் முன்னே வந்துவிட்டார் என்று பொருள். இதையெல்லாம் படத்தைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த உதவியாளருக்கு எங்கும் மதிப்பு உண்டு.

களத்தில் இதே வேலை கூடாரத்தில் நடக்கும். மடக்கு நாற்காலி, சிறிய காற்றழுத்தி, ஜெனரேட்டர், பாட்டில் நீர் எல்லாவற்றையும் உதவியாளர்களே இறக்கி, பூட்டி, இயக்கி, மறுபடி பெட்டியில் அடைப்பார்கள். புழுதி காற்றழுத்தியின் வடிகட்டியை அடைத்தால், பல்லைத் துளைக்கும் கருவியான ஹேண்ட்பீஸின் வேகம் குறையும், குறைந்த வேகத்தில் அழுத்தித் துளைத்தால் பல் சூடாகும். அங்கே வருபவை பெரும்பாலும் அவசரங்கள்: கழன்ற அடைப்பு, உடைந்த பல், சீழ்க்கட்டி, கடைவாய்ப்பல் மேல் ஈறு வீங்குவது. காயம்பட்டவர்கள் கூட்டமாக வந்தால் பல் பிரிவினர் பல்லை விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கவும் முதலுதவி செய்யவும் போவார்கள். துப்பாக்கிப் பயிற்சி, உடல் தகுதித் தேர்வு, இரவுக் காவல் எல்லாம் மற்ற வீரர்களுக்கு இருப்பது போலத்தான். "ஆஸ்பத்திரி வேலைதானே" என்று நினைத்துச் சேருபவர்கள் சோர்ந்துபோவது இந்த இடத்தில்.

சரி, எந்தப் படை? தரைப்படையில் இந்த வேலைக்கு 68-ஈ என்று பெயர். அடிப்படைப் பயிற்சி 10 வாரம், அதன் பின் சான் அன்டோனியோவில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் தொழிற்பயிற்சி சுமார் இரண்டு மாதம். நுழைவுத் தேர்வான ஆஸ்வாப்பில் 'திறன் தொழில்நுட்ப'ப் பிரிவில் 91 எடுக்க வேண்டும். விமானப்படையிலும் பல் மருத்துவ உதவியாளர் தனித் தொழில், பல் ஆய்வகம் இன்னொரு தனித் தொழில். கடற்படையில்தான் சிக்கல். அங்கே பல் தொழில்நுட்பர் என்ற தனிப் பிரிவு 2005 அக்டோபர் 1 அன்று மருத்துவப் பணியாளர் பிரிவோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது பொது மருத்துவப் பணியாளராகச் சேர்ந்து, பிறகு பல் பயிற்சிக்குத் தேர்வானால்தான் அந்த வேலை. தேர்வாகாவிட்டால் வார்டிலோ, மரைன் காலாட்படையோடோ போக நேரிடும். மரைன் படைக்குச் சொந்த மருத்துவப் பிரிவு கிடையாது, அவர்களின் பல் பட்டாலியன்களில் இருப்பதும் கடற்படையினர்தான். பல் வேலைதான் வேண்டும் என்று உங்கள் மகள் உறுதியாக இருந்தால் கடற்படை வேண்டாம் என்பேன்.

சேர்ந்த பின் எந்தச் சிறப்புப் பிரிவுக்குப் போகிறார் என்பதுதான் வெளியே வந்தபின் அவர் மதிப்பைத் தீர்மானிக்கும். தடுப்புப் பிரிவுக்குப் போனால் பற்காரை எடுப்பது, ஃப்ளோரைடு பூசுவது, பல் பள்ளங்களை அடைப்பது எல்லாம் தன் கையாலேயே செய்வார். ராணுவத்துக்குள் ஹைஜீனிஸ்ட் செய்வதில் கணிசமான பகுதியை இவர் செய்கிறார் என்பதால்தான் ஆள்சேர்ப்பு அதிகாரி அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் வெளியே பெரும்பாலான மாநிலங்களில் உதவியாளர் பற்காரை எடுப்பது சட்டப்படி குற்றம். உரிமம் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற ஹைஜீன் படிப்பு, தேசிய எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, மாநில உரிமம் என்று நான்கு படி ஏற வேண்டும். முன்படிப்புப் பாடங்களையும் சேர்த்தால் மூன்று ஆண்டு பிடிக்கலாம். சேவையில் இருப்பவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து இந்தக் கல்லூரிப் படிப்புக்கே அனுப்பும் திட்டம் விமானப்படையில் இருந்து வந்திருக்கிறது. இடங்கள் குறைவு, படித்த பின் கூடுதல் சேவை ஆண்டுகள் கட்டாயம். அதை வாய்ப்பாக வைத்துக்கொள்ளலாம், திட்டமாக வைக்கக் கூடாது.

விரிவுபடுத்தப்பட்ட பணிக்கான பயிற்சி இன்னொன்று. மருத்துவர் சொத்தையைக் குடைந்து எடுத்த பிறகு, அடைப்பை வைத்து வடிவம் கொடுப்பது வரை உதவியாளர் செய்வார். கை நயம் உள்ளவர்களுக்கு மிகப் பிடித்துப்போகும். வெளியே இதை ஏற்கும் மாநிலங்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. வாய் அறுவைப் பிரிவில் மயக்க மருந்தின்போது ஆக்சிஜன் அளவையும் மூச்சையும் கண்காணிக்கப் பழகுவார்கள். அறுவை மருத்துவர்களின் தனியார் மருத்துவமனைகள் இந்த அனுபவத்தைத் தேடி எடுக்கும். என் கணிப்பில் கல்லூரிக்குப் போகாமல் உடனே வேலை வேண்டும் என்பவருக்கு இதுதான் சிறந்தது.

ஆய்வகம் வேறு உலகம். நோயாளியைப் பார்க்கவே வேண்டியதில்லை. அச்சு, மெழுகு, பீங்கான், கணினியில் வரைந்து, பீங்கான் போன்ற ஜிர்கோனியாவில் கடைந்தெடுக்கும் கிரீடம் (பல்லின் மேல் மாட்டும் உறை) இவைதான் வேலை. சூளையில் ஜிர்கோனியா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும், அதைக் கணக்கிட்டுப் பெரிதாகக் கடைய வேண்டும். கணக்கு பிசகினால் கிரீடம் பல்லில் உட்காராது. பொறுமைசாலிக்குப் பொருந்தும். உங்கள் மகள் வரவேற்பு மேசையில் ஆட்களோடு பேசிப் பழகியவர் என்றால் இது அலுக்கக்கூடும்.

இனி சான்றிதழ். ராணுவப் பயிற்சித் தாளைவிட வெளியே அதிகம் மதிக்கப்படுவது தேசிய பல் உதவியாளர் வாரியமான டான்பின் 'சான்றளிக்கப்பட்ட பல் உதவியாளர்' தகுதி. அதில் மூன்று தேர்வுகள்: கதிரியக்கப் பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு, நாற்காலிப் பக்கப் பணி. பணி அனுபவ வழியில் எழுத 3,500 மணி நேரம் வேண்டும், அது குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டுக்குள் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வாரம் 40 மணி என்று வைத்தால் ஆண்டுக்கு 2,080 வரும், இரண்டு ஆண்டில் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் களப் பயிற்சி, காவல் பணி, துப்பாக்கிச் சுடுதளத்தில் கழியும் நாட்கள் பல் வேலை ஆகாது. அதனால் முதல் நாளிலிருந்தே மணிக் கணக்கை எழுதி, மாதம் ஒருமுறை மேற்பார்வை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். அங்கே மருத்துவர்கள் இரண்டு மூன்று ஆண்டில் இடம் மாறிவிடுவார்கள், பிறகு தேடிப் பிடிக்க முடியாது. தேர்வுக் கட்டணத்துக்கு 'கூல்' என்ற ராணுவத் திட்டம் உதவும். டெக்சாஸில் எக்ஸ்ரே எடுக்க மாநிலப் பல் மருத்துவ வாரியத்தில் பதிவு கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹைஜீனிஸ்ட் ஆவதற்கான உண்மையான வழி, படையில் சேவை செய்தவர்களின் படிப்புச் செலவை ஏற்கும் செப்டம்பர் 11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில். 36 மாதம் முழுநேரச் சேவை செய்தால் முழுச் சலுகை, அது 36 மாதக் கல்விக்கு வரும். மாநிலக் கல்லூரி என்றால் உள்ளூர் மாணவர் கட்டணம் முழுவதும் அடங்கும், தங்கும் செலவுக்கும் தொகை உண்டு. உடற்கூறு, நுண்ணுயிரியல், வேதியியல் போன்ற முன்படிப்புகளைச் சேவையில் இருக்கும்போதே மாலை நேரத்தில் ராணுவக் கல்வி உதவியில் முடித்துவிட்டால், ஜி.ஐ. பில் முழுவதையும் ஹைஜீன் படிப்புக்கே வைத்துக்கொள்ளலாம். ஆக நான்கு ஆண்டுச் சேவை, பின் இரண்டு ஆண்டுக் கல்லூரி. அதிகாரி சொன்ன நான்கு, ஆறாகிறது. கடன் இல்லாத ஆறு என்பதால் மோசமில்லை. பகுதிநேரப் படையான ரிசர்வில் சேர்ந்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம், ஆனால் மாதம் ஒரு வார இறுதியில் 3,500 மணி சேராது, கல்விச் சலுகையும் சுருங்கும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. தொழில் எண் இணைப்புத் தாளில் எழுத்தாக இருக்கிறதா என்பது ஒன்று. எழுத்தில் இல்லாத வாக்குறுதி எதுவும் செல்லாது என்று அந்தப் படிவமே சொல்கிறது. மற்றொன்று ஆண்டுக் கணக்கு. முழுநேரச் சேவை நான்காக இருந்தாலும் மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டு, மீதி ஆண்டுகளில் அழைத்தால் போக வேண்டிய பட்டியலில் பெயர் இருக்கும். மகளுக்கு 68-ஈ இடம் இப்போது இல்லை, வேறு ஒன்றில் சேர்ந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்றால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்து அடுத்த மாதம் மறுபடி கேட்கட்டும். ஆஸ்வாப் மதிப்பெண் போதாவிட்டாலும் ஒரு மாதம் கழித்து மீண்டும் எழுதலாம்.

கிரீன் கார்டோடு சேர்வதற்குத் தடையில்லை. குடியுரிமைக்குச் சேவை வழி தனி விண்ணப்பம் உண்டு, கட்டணம் கிடையாது. சேவைச் சான்றுக்கான என்-426 படிவத்தில் படைப்பிரிவு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். பயிற்சி முடிந்து முதல் பணியிடம் போனவுடன் அதைக் கேட்டு வாங்கட்டும். அதுவரை, இப்போது இருக்கும் மருத்துவமனையிலேயே வாரம் ஓரிரு மணி நேரம் சுத்திகரிப்பு அறையில் நிற்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அந்த வேலை பிடிக்கிறதா என்று இரண்டே வாரத்தில் அவருக்கே தெரிந்துவிடும்.